தலைக்காவிரி (வழி: பூதலூர்)

இருபத்திரண்டு வயது வரை, ஊருக்கே என் மேல் பாசம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதோடு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. காவிரி பிறக்கும் இடத்தில் அது ஒரு முழ அகலம்தான் இருக்கும், ஒரு காலை இந்தக் கரையிலும் இன்னொரு காலை அந்தக் கரையிலும் வைத்துக்கொண்டு நிற்கலாம் என்பது. இரண்டாவதையாவது மன்னித்துவிடலாம், பூகோள வாத்தியார் சொல்லிக்கொடுத்தது. முதலாவது நானே சொந்தமாகத் தயாரித்தது.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குக் கிழக்கே. தரை என்றால் அப்படி ஒரு தரை. ஒரு தேங்காயை உருட்டிவிட்டால் எந்தப் பக்கம் போவது என்று அதற்கே குழப்பம் வந்துவிடும். ஊரில் மிக உயரமான பொருள் வைக்கோல் போர். அதற்கு அடுத்தபடி என் தாய்மாமா ரத்தினசாமி. மலை என்ற ஒன்றை நான் காலண்டரில்தான் பார்த்திருந்தேன்.

காவிரி என்பது எங்களுக்கு வாய்க்காலில் வரும் தண்ணீர். மேலே இருப்பவன் விட்டால் வரும், விடாவிட்டால் வராது. அதற்காக முறை வைத்துக் காத்திருந்து, மடை திறப்பதில் தகராறு வந்து, அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு எதிரெதிரே நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். இத்தனை பேரை மண்வெட்டி தூக்கவைத்த ஆறு, தவழுகிற குழந்தையாக எங்கேயோ ஒரு மலையில் இருக்கிறது. அங்கே போய் அதை ஒரே தாவாகத் தாண்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இதுதான் என் வாழ்நாள் கனவு. (பி.ஏ. தேறுவது அப்பாவின் கனவு. அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.)

டீக்கடையில் இரண்டு பெஞ்சு உண்டு. ஒன்றில் ஆளும் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து, மேடைத் தமிழில் டீ கேட்பார்கள். மற்றதில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்து கூலியும் நிலமும் பேசுவார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு தலைக்காவிரி பேசுவேன். நாலு வருஷமாகப் பேசினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு வியாழக்கிழமை மாமா ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"ஏன்டா கலியபெருமாளு, அந்தத் தலைக்காவிரிப் பைத்தியம் தெளிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமா."

"அப்பறம் ஏன்டா இன்னும் இங்க நிக்கிற? திங்கக்கிழமை கெளம்பு."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். சிரித்தால் வட்டி போய்விடும் என்று சிரிக்காத மனிதர் அவர்.

"வாலிப வயசுல பாக்காத ஊரை பல்லு போனப்பறம் பாத்து என்னடா பண்றது? டிக்கெட்டுக்கு நான் தர்றேன். என் தோல் பெட்டிய எடுத்துக்க. ஸ்வெட்டர் இருக்கு, எடுத்துக்க. மலையில குளிரும். பத்து நாள் இருந்துட்டு வா. அவசரமே இல்லை. பிடிச்சிருந்தா பதினஞ்சு நாள்கூட இரு."

நான் அவர் காலில் விழுந்தேன். எழுந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்ததாகப் பட்டது. பாசம் என்று நினைத்தேன். (நிம்மதி என்று இப்போது தெரிகிறது. இரண்டுக்கும் கண் ஒரே மாதிரிதான் கலங்கித் தொலைக்கிறது.)

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது தெரியாது என்பதற்காக உங்களுக்கும் தெரியாமல் இருக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம் இவ்வளவு நிலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் வந்திருந்தது. அந்த வரம்பையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். மிச்ச நிலத்தை எடுத்து உழுகிறவர்களுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. உடனே மாமாவுக்குத் தர்ம சிந்தனை பொங்கிவிட்டது. ஊரில் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் நிலத்தை எழுதிவைத்தார். சித்தப்பாவுக்கு, சித்தப்பாவின் சம்பந்திக்கு, வண்டியோட்டிக்கு, செத்துப்போய் இரண்டு வருஷமான ஒரு அத்தைக்கு. நான் மேஜரான வருஷம் எனக்கும்.

ஒரு நாள் என்னை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போனார். "ஒரு சாட்சிக் கையெழுத்துடா" என்றார். போட்டேன். வெளியே வந்ததும் திருவையாற்றிலிருந்து வந்த அசோகா, கால் கிலோ, மந்தார இலையில் கட்டியது, முழுசாக என் கையில் கொடுத்தார். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்த அல்வாவை வழியிலேயே தின்று முடித்தேன். ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய ஏழு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரனாகத்தான் நான் அன்றைக்கு வீடு திரும்பியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இலையில் ஒட்டியிருந்த நெய்தான்.

இப்போது அந்தக் கையெழுத்து உண்மையா என்று விசாரிக்க அதிகாரி வருகிறார். செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில். மற்றவர்களெல்லாம் வாயைத் திறக்கச் சொன்னால்தான் திறப்பார்கள். நான் மூடச் சொன்னாலும் மூட மாட்டேன். ஆகவே எனக்குத் தலைக்காவிரி.

இது தெரியாமல் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆதரவு என்றால் அப்படி ஓர் ஆதரவு! டீக்கடைக்காரர் பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். தையல்கார நண்பன் என் ஒரே பேண்ட்டைச் சும்மாவே பிடித்துக் கொடுத்தான். அப்பா மன்னார்குடியில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர், "இதையாவது முழுசா முடி" என்று ஆசீர்வதித்துவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையோடு அன்றைக்கே மில்லுக்குப் போய்விட்டார்.

அம்மா ஒரு செப்புச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். "எங்கிருந்து பொறக்குதோ, அந்தத் தீர்த்தத்தை இதுல மொண்டுக்கிட்டு வாடா. போறப்ப தூசி விழுந்துறக் கூடாது" என்று அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, சொம்பின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

(வாய் கட்டிய இந்தச் சொம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியவில்லை.)

ஆதரிக்காத ஒரே ஜீவன் தங்கராசு. அஞ்சாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அப்புறம் அவன் வயலுக்குப் போனான், நான் பாளையங்கோட்டை முதல் பட்டுக்கோட்டை வரை எல்லா ஊர் வரைபடத்தையும் மனப்பாடம் செய்யப் போனேன். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மாமாவின் நிலத்தில்தான் வேலை. சங்கத்தில் அவன் முக்கியமான ஆள். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தால் "டா". மாமா எதிரில் வந்தால் அவன் வாயில் "தம்பி" வந்துவிடும். மாமா போன பிறகு அந்த "தம்பி"க்கும் சேர்த்து இரண்டு "டா" போட்டுக் கணக்கைச் சரிசெய்வான்.

வரப்பில் நின்றுகொண்டு கேட்டான்.

"செவ்வாக்கிழமை நீ ஊர்ல இருக்கமாட்டியா?"

"நான் எப்படிடா இருப்பேன்? அன்னைக்கு மைசூரைத் தாண்டியிருப்பேன்."

"தாசில்தார் வர்றாருடா. உன் பேரைக் கூப்புடுவாரு." (உச்சவரம்புக்கென்று வந்த அதிகாரிக்கு வேறு ஏதோ பதவிப் பெயர். எங்கள் ஊரில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிறவர் யாராயிருந்தாலும் தாசில்தார்தான்.)

"என் பேரை எதுக்குக் கூப்புடணும்?"

"நீதான்டா இந்த ஒரு வேலிக்கும் சொந்தக்காரன். நான் நிக்கிறேனே, இது உன் வரப்பு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போடா. எனக்குச் சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்ல."

அவன் சிரிக்கவில்லை. "இதுல மூணு மா, ஒரு ஏக்கரு, எங்களுக்கு வரும்னு சங்கத்துல சொல்றாங்க. எங்கம்மா இந்த மூணு மாவுலதான் இத்தனை வருஷமும் குனிஞ்சு நட்டிருக்கு. நீ வந்து 'இது என்னோடது இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீ இல்லேன்னா உன் மாமா வாய்தா வாங்குவாரு. வாய்தா வாங்கிவாங்கியே எங்கம்மாவ சுடுகாட்டுக்கு அனுப்பிருவாரு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மனிதனாக இருந்தால் யோசித்திருக்க வேண்டும். நான் நேராக மாமாவிடமே போய்க் கேட்டேன். மாமா, "அது சாட்சிக் கையெழுத்துடா. உன் பயணத்தைக் கெடுக்கணும்னே கெளப்பிவிடறானுங்க. பொறாமை" என்றார். நான் திரும்பி வந்து, அதே வரப்பில் நின்று, தங்கராசுவைப் பார்த்து, "பொறாமைப்படாதடா" என்றேன். ஆமாம், சொன்னேன். அவன் நிலத்தில் நின்றுகொண்டு அவனிடமே சொன்னேன்.

அவன் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு திடீரென்று முகம் மாறி, "சரிடா. போய்ட்டு வா. எந்த வண்டி?" என்றான்.

"தஞ்சாவூர்லேருந்து காலைல திருச்சி பாசஞ்சர்."

"எந்தப் பொட்டி?"

"எஞ்சின்லேருந்து மூணாவது. அப்பத்தான் ஜன்னல் ஓரம் கெடைக்கும்."

"நல்லா எடம் புடிச்சு உக்காரு" என்று தோளில் தட்டினான். கடைசியில் இவனும் ஆதரித்துவிட்டானே என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

திங்கட்கிழமை காலை. மூன்றாவது பெட்டி, ஜன்னல் ஓரம். தலைக்கு மேலே மாமாவின் தோல் பெட்டி. மடியில் வாய் கட்டிய சொம்பு. வாரிவிட்ட சுருட்டை முடி, மூன்று வருஷம் வளர்த்த மீசை. ஆனி மாத வெயிலில் ஸ்வெட்டர் வேறு போட்டிருந்தேன். (மலை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?)

வண்டி நகரும் நேரத்தில் இரண்டு பேர் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒல்லி, காதில் பென்சில், கையில் ஒரு ஃபைல். மற்றவர் பெரிய ஆள். அவருடைய உள்ளங்கை இரண்டும் கொட்டாங்கச்சி போல் காய்த்துப்போயிருந்தன. பேசத் தொடங்கியதும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று தெரிந்தது. ஃபைல் புரட்டியே கை இப்படிக் காய்த்துவிட்டதே, அரசாங்கம் இவ்வளவா வேலை வாங்குகிறது என்று பரிதாபப்பட்டேன். அம்மா கட்டிய இட்லியைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தேன்.

"இந்த உச்சவரம்பு வேலை வந்தாலும் வந்துச்சு, வீட்டுச் சோறே கெடைக்கலீங்க" என்றார் பென்சில்.

"நாளைக்கு எந்த ஊரு?" என்றார் பெரியவர்.

பென்சில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். இட்லி பாதி வழியில் நின்றது.

"அங்க ஒரு பெரிய பினாமி இருக்கான் தெரியுமா?"

"யாருங்க?"

"கலியபெருமாளுன்னு ஒரு பய."

"பினாமியா! என்ன வயசு இருக்கும்?"

"இருபத்தி ரெண்டுதான். இந்த வயசுலயே பாருங்களேன்."

அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். கேடி தெரியும். ரவுடி தெரியும். பினாமி அந்த இரண்டுக்கும் மேலே ஏதோ பதவி போலிருந்தது. அதோடு எங்கள் ஊர் வாயில் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் பெரிய சண்டை கிடையாது. என் காதில் விழுந்தது 'பிணாமி'. ஏதோ பிணம் சம்பந்தப்பட்ட குற்றம். நான் யாரைக் கொன்றேன்? எப்போது கொன்றேன்? தூக்கத்திலா?

"ஆள் எப்படி இருப்பான்?" என்று பெரியவர் விடாமல் கேட்டார்.

"ஒல்லி. சுருட்டை முடி. மூஞ்சிக்குப் பொருந்தாம ஒரு மீசை."

நான் ஸ்வெட்டர் கழுத்தை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ஓடிட்டான்னு பேசிக்கிறாங்களே?"

"எங்க ஓடுவான்? திருச்சி ஸ்டேஷன்ல ஆள் நிக்குது. எறங்கினா அமுக்கிருவாங்க."

"ப்ச், வாலிபப் பையன்."

"அவனா நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்துக்கு வந்து, நடந்தது நடந்தபடி சொன்னா விட்டுருவாங்க. 'அது என்னோடது இல்லீங்க'ன்னு ஒரு வார்த்தை. ஆனா இந்த மாதிரிப் பயலுங்க எங்க வரப்போறானுங்க?"

ஆலக்குடி தாண்டியது. எனக்கு வேர்வை ஸ்வெட்டரைத் தாண்டியது. பூதலூரில் வண்டி நின்றதும், "தண்ணி புடிக்கணும்" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, சொம்போடு இறங்கினேன். இறங்கியவன் குழாயைப் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபோது நான் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தின் பின்னால் நின்றிருந்தேன். மாமாவின் தோல் பெட்டி மட்டும் தலைக்காவிரி நோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தது.

சுருட்டை முடி, மீசை. இரண்டும் தெரிந்துவிட்டது. இனி இரண்டும் இருக்கக் கூடாது. கடைத்தெருவில் ஒரு முடிதிருத்தகம். உட்கார்ந்து, "எல்லாத்தையும் எடுத்துருங்க. மீசையும்" என்றேன்.

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் கை நின்றது. குரலைத் தாழ்த்தி, "யாரு தம்பி, அப்பாவா அம்மாவா?" என்றார்.

மொட்டையும் அடித்து மீசையும் எடுத்தால் எங்கள் பக்கத்தில் வேறு அர்த்தமே கிடையாது. திருப்பதி வேண்டுதல், பழனி வேண்டுதல் என்று சொல்லியிருக்கலாம். பதறிய வாய்க்குப் பழனி தோன்றவில்லை.

"அப்பாங்க" என்றேன்.

மன்னார்குடி மில்லில் புளியோதரை தின்றுகொண்டிருந்த மனிதரைப் பூதலூரில் வைத்து ஒரே வார்த்தையில் முடித்தேன். முடிதிருத்துகிறவர் என் தலையில் தண்ணீர் தடவும்போது, "மனசை விட்றாதீங்க தம்பி. இனிமே அம்மாவுக்கு நீங்கதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்த மண்டையைப் பார்த்து வந்த அழுகை. அவர் தவறாகப் புரிந்துகொண்டு காசு வாங்க மறுத்துவிட்டார்.

பிறகு வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் சந்தேகப்படுவார்கள் என்று சொம்பின் கட்டை அவிழ்த்து, தண்ணீர் மொண்டு, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கல்லணையிலிருந்து வருகிற தண்ணீர். அந்தக் கல்லணையைக்கூட நான் எட்டவில்லை. அப்படியே ஓடிவிடலாமா என்று ஒரு மனம். 'வந்து சொன்னா விட்டுருவாங்க' என்று இன்னொரு மனம். அன்றைக்கு இரவு எங்கே படுத்தேன் என்று சொல்வதாயில்லை. வைக்கோலுக்கு என் நன்றி.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் கூட்டம். தாசில்தார் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தங்கராசுவும் அவன் அம்மாவும் இன்னும் பல பேரும். பெண்கள் பக்கம் என் அம்மா. (அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று காப்பாற்ற வந்திருந்தாள்.) நான் வாசலுக்கு வருவதற்கும், "கலியபெருமாள்! ஆஜரா?" என்று டவாலி போட்ட பியூன் மூன்றாம் முறை கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

மாமா எழுந்து கைகட்டி நின்றார். "ஊர்ல இல்லீங்க. தலைக்காவிரிக்கு யாத்திரை போயிருக்கான். ரொம்ப பக்திமான். எப்ப வருவான்னு சொல்லமுடியாதுங்க. ஒரு வாய்தா குடுத்தீங்கன்னா..."

அப்போதுதான் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அவள் பார்த்ததை நீங்களும் பாருங்கள். மழித்த தலை. மீசை இல்லாத முகம். வீங்கிய கண். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்த செப்புச் சொம்பு. அதன் வாயில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி.

எங்கள் பக்கத்தில் அஸ்தியை வேறு எப்படியும் எடுத்து வருவதில்லை.

"ஐயோ! என் ராசா போயிட்டாரே!" என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். "கட்டிக்குடுத்த புளியோதரையத் தின்னாரோ இல்லையோ தெரியலையே!"

பள்ளிக்கூடமே எழுந்து நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பாய்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பொய் அழுகை இல்லை. என் தோளெல்லாம் நனைந்தது. அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள்.

"மாப்ளே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே! டேய் கலியபெருமாளு, எப்படா ஆச்சு? சொல்றா கலியபெருமாளு!"

தாசில்தார் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இவர்தான் கலியபெருமாளா?"

மாமாவின் அழுகை சட்டென்று நின்றது. என்னைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. "இவன்... இவன் வேற கலியபெருமாளுங்க" என்றார்.

அந்தக் கணத்தில் நான் புத்திசாலித்தனமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது இது: "ஐயா! நான் பினாமி இல்லீங்க! நான் யாரையும் கொல்லலீங்க!"

கையில் சொம்பை வைத்துக்கொண்டு சொன்னேன். அம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, "அடப்பாவி!" என்றாள்.

தாசில்தார் பொறுமைசாலி. "சொம்புல என்ன தம்பி?"

"தண்ணிங்க. பூதலூர் வாய்க்கால் தண்ணிங்க."

"உங்க அப்பா?"

"மில்லுல இருக்காருங்க. உசுரோடதான்."

"அப்ப மொட்டை?"

"பயத்துலங்க."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு பேரும் சேர்ந்து சிரிக்காமல் இருப்பதைப் போல ஓர் அவமானம் உலகத்தில் இல்லை. தாசில்தார் ஒரு பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து. பி.ஏ.வை மூன்று முறை எழுதிய அதே அழகான கையெழுத்து.

"இந்த ஒரு வேலி உங்களுதா?"

ஒரு பக்கம் மாமா. கண் சிவந்து, கெஞ்சலும் மிரட்டலும் கலந்த பார்வை. ஜன்னலில் தங்கராசுவின் அம்மா, கம்பியைப் பிடித்த கையை எடுக்காமல். அந்தக் கை என் கண்ணில் பட்டது என்றும், நியாயம் விழித்துக்கொண்டது என்றும் எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் எனக்குக் கேட்டது ரயிலில் கேட்ட வாக்கியம் மட்டும்தான்.

"அது என்னோடது இல்லீங்க."

"கையெழுத்து?"

"சாட்சிக்குன்னு சொன்னாங்க. அசோகா வாங்கிக் குடுத்தாங்க."

"எவ்வளவு?"

"ஒரு வேலிங்க."

"அசோகா எவ்வளவுன்னு கேட்டேன்."

"கால் கிலோங்க."

"எழுதுய்யா. அசோகாவையும் எழுது" என்றார் பக்கத்தில் எழுதுகிறவரிடம். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை வருஷமா நீங்க சாகுபடி பண்றீங்க?"

"எனக்கு நாத்துக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க."

"அது சத்தியமுங்க!" என்று ஜன்னலிலிருந்து தங்கராசுவின் குரல் வந்தது. அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். தாசில்தாரும். "அடுத்தவன் சொத்துக்குத் தன் பேரைக் குடுத்துட்டு நிக்கிறவனைத்தான்யா பினாமின்னு சொல்றது. பயப்படாத" என்றார்.

ஒரு சொல்லின் அர்த்தம் இருபத்துநாலு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் என் முடி மிஞ்சியிருக்கும்.

அப்பா அன்றைக்குச் சாயந்திரமே வந்து சேர்ந்தார். ஒப்பாரி மட்டும் ஊரைத் தாண்டி ஓடியிருந்தது. மொட்டைக்கான காரணம் அவ்வளவு வேகமாக ஓடவில்லை. பஸ்ஸில் மாலையோடு ஏறிய பக்கத்து ஊர் உறவினர்களைப் பார்த்து, "யாருக்குங்க?" என்று அப்பாவே விசாரித்திருக்கிறார். அவர்கள் பதில் சொல்லாமல் அலறியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் என் தலையைத் தடவிப் பார்த்து, "இதையாவது முழுசா முடிச்சியே" என்றார்.

தோல் பெட்டியைப் புதன்கிழமை தங்கராசு கொண்டுவந்து கொடுத்தான். "பூதலூர் ஸ்டேஷன்ல யாரோ ஒப்படைச்சிருந்தாங்கடா." நான் பூதலூரில் இறங்கியது இவனுக்கு யார் சொன்னார்கள், ரயிலோடு போன பெட்டி எப்படித் திரும்பியது என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு இது மட்டும் எப்படித் தெரியும்?

மாமா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. மூன்றாம் வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த அசோகாவுக்குப் பதிலா மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றார். அதோடு சமாதானம். வழக்கு, மேல்வழக்கு என்று இழுத்து, நிலம் கைமாறச் சில வருஷம் ஆயிற்று. தங்கராசுவின் அம்மா அந்த மூன்று மாவில், சொந்தமாக, இரண்டு போகம் நட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

வீட்டில் நான் வாங்கிய பட்டம் இன்னும் இறங்கவில்லை. யார் எங்கே கிளம்பினாலும், "தலைக்காவிரியா, பூதலூரா?" என்று கேட்கிறார்கள். பூதலூர் என்றால் பாதியில் திரும்பிவிடுவது. என் மகன் வேலைக்காக வெளிநாடு கிளம்பியபோது, விமான நிலையத்தில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்ன புத்திமதி: "பாத்துப்பா. பூதலூர்ல எறங்கிடாத."

போன தையில் தங்கராசுவின் பெண்ணுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே ஒரு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளிக்க நீட்டிய உள்ளங்கை கொட்டாங்கச்சி போல் காய்த்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, மீசை மறுபடி வளந்துருச்சு போலிருக்கே?"

எனக்கு இட்லி மறுபடி தொண்டையில் நின்றது. (சாப்பிட்டுக்கொண்டிருந்தது சாம்பார் சாதம். ஆனாலும் நின்றது இட்லிதான்.) எழுந்து போய்த் தங்கராசுவின் சட்டையைப் பிடித்தேன். பெண்ணின் அப்பா என்றும் பார்க்கவில்லை.

"ஏன்டா! ஒருத்தன் வெரட்டிவிட டிக்கெட் எடுத்துக் குடுத்தான். நீ திருப்பிக் கொண்டாற ஆள் அனுப்பினியா? என் கனவை ஒரு பயலும் ஆதரிக்கலையாடா?"

அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. "நான் உன்கிட்ட வரப்புல நின்னு நேராத்தானடா சொன்னேன்? நீ நம்பல. நேர்ல சொன்னா நம்பாதவன் ஒட்டுக்கேட்டா நம்புவான்னு எங்கம்மாதான் சொல்லுச்சு."

நான் பயந்து நடுங்கி, முடியையும் மீசையையும் அப்பாவையும் ஒரே நாளில் இழக்கக் காரணமான அந்தத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, எந்தத் தாலுகா ஆபீசின் படியையும் மிதித்ததில்லை. தங்கராசுவின் பெரிய மச்சான். பட்டுக்கோட்டையில் தேங்காய் உரிக்கிறார்.